மாணவரின் பெற்றோர் கையொப்பம்

62 வயதில் ஒருவன் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால் அதற்குப் பின்னால் ஏதோ லட்சியம் இருக்கும் என்று நினைப்பீர்கள். என் விஷயத்தில் இருந்தது ஒரு கார்.

எதிர்வீட்டுக்காரர் அதை எங்கள் கேட்டை ஒட்டி நிறுத்துவார். சொல்லிப் பார்த்தேன், முறைத்துப் பார்த்தேன், கேட்டை ஓசைப்பட மூடிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு முழுத்தாளை எடுத்து, 36 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் குறிப்புரை எழுதிப் பழகிய கையால், 'பொதுவழிக்கு இடையூறு, இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 283' என்று விவரமாக ஒரு நோட்டீஸ் எழுதி அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அவர் வரவில்லை. அவருடைய மகள் வந்தாள். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். மிகவும் மரியாதையாக, "அங்கிள், நீங்க போட்டிருக்கிற சட்டமே 2024 ஜூலை 1-ஆம் தேதியோட போயிடுச்சு. இப்ப பாரதிய நியாய சன்ஹிதா. அதுல இது 285. மத்தபடி டிராஃப்டிங் நல்லா இருந்துச்சு" என்று சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். 283-ஐ சிவப்பு மையில் 285 என்று திருத்தியும் இருந்தாள்.

1860-இல் வந்த சட்டம். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. எங்கள் தலைமுறை யாரையாவது திட்ட நினைத்தால் 'ஃபோர் ட்வென்ட்டி' என்று திட்டுகிற அளவுக்கு வீட்டு மனிதராகவே ஆகிப்போன சட்டம். அது போனதுகூடத் தெரியாமல் நான் நோட்டீஸ் விட்டிருக்கிறேன். இந்த உரையாடலை வாசல் தெளித்துக்கொண்டே என் மனைவி முழுக்கக் கேட்டாள் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி.

"படிக்காமலே சட்டம் பேசினா இப்படித்தாங்க" என்றாள்.

"படிச்சுட்டே பேசறேன்" என்றேன். ரோஷத்தில் சொன்ன வார்த்தை. ரோஷத்தில் சொன்னதை வாபஸ் வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை.

மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வயது குறுக்கே நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நிற்கவில்லை. 30 வயதுக்கு மேல் சேரக் கூடாது என்று பார் கவுன்சில் ஒரு காலத்தில் வகுத்ததும், கைவிட்டதும், மறுபடி கொண்டுவந்ததும், 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டதும் எனக்கு இப்போது மனப்பாடம். படித்து முடித்த பிறகு, 45 வயதுக்கு மேல் ஆனவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று இருந்த விதியை 1995-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. பதிவுக் கட்டணமும் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-இல் தீர்ப்பு. அகில இந்திய பார் தேர்வு ஒன்று நடுவில் இருக்கிறது. அதுவும் 2010-இல்தான் வந்தது. ஆக, 66 வயதில் கறுப்புக் கோட்டு. இவ்வளவையும் இரவுச் சாப்பாட்டின்போது வரிசையாக எடுத்து வைத்தேன்.

"சமையலறைக் குழாய் சொட்டுதுன்னு மூணு வாரமாச் சொல்றேன். அதுக்கு மட்டும் வாய்தா மேல வாய்தா" என்றாள் மனைவி. வாதத்தை வேறு பக்கம் திருப்புவதில் அவளுக்குப் பட்டம் தேவையில்லை.

என் கற்பனையில் சட்டக் கல்லூரி என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற அந்தச் செங்கல் நிறக் கட்டடம். 1891-இல் தொடங்கிய கல்லூரி. கல்லூரி நாட்களில் பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். நான் புத்தகத்தோடு உள்ளே நுழைவதாகவும், வெளியே வந்து ஒரு டீ குடிப்பதாகவும், பழைய சிநேகிதன் எவனாவது பஸ்ஸிலிருந்து பார்த்து அசந்துபோவதாகவும் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மகன்தான் படத்தை நிறுத்தினான். "அப்பா, 2018-லயே காலேஜை ரெண்டாப் பிரிச்சு மாத்திட்டாங்க. ஒண்ணு பட்டறைப்பெரும்புதூர், இன்னொண்ணு புதுப்பாக்கம்."

புதுப்பாக்கம் என்றதும் மனைவிக்கு முதல்முறையாக என் உயர்கல்வியில் ஆர்வம் வந்தது. "அங்க மலைமேல ஆஞ்சநேயர் இருக்காருங்க. ரொம்ப விசேஷம். நீங்க காலேஜுக்குப் போற அன்னிக்கு என்னைக் கோயில்ல இறக்கி விட்டுடுங்க."

மாலை வகுப்போ தபால் வழியோ கிடையாதா என்று விசாரித்தேன். தபால்வழி எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்பதில்லை. தினமும் போக வேண்டும், 70 சதவீத வருகைப்பதிவு வேண்டும். "நீங்க வீட்ல இருந்துக்கிட்டே வீட்ல இருக்கிறது அதுல பாதிகூட வராது" என்றாள்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை என்று தெரிந்தபோது பரவசப்பட்டேன். பரீட்சை எழுதாமலே சட்டப் படிப்பு! அந்தப் பரவசம், விண்ணப்பத்தில் மதிப்பெண்ணை ஏற்ற மகன் என் 1983-ஆம் வருட பி.காம். சான்றிதழைக் கேட்கும்வரை நீடித்தது.

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ் மயிரிழையில போச்சு" என்று நான் சொல்லிவந்திருக்கிறேன். மாமனார் அதை நம்பியே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் பரீட்சையில் குறைவாக எடுத்து வரும்போதெல்லாம் அந்த மயிரிழையை எடுத்துத்தான் விளாசியிருக்கிறேன். டிரங்குப் பெட்டியின் அடியில், நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவில் பாதுகாக்கப்பட்ட அந்தத் தாளை மகன் விரித்தான். கால்குலேட்டரைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

"46.3."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் 60. பதிமூணு புள்ளி ஏழு சதவீதம் மயிரிழையாப்பா?"

"பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சத் தகுதி 45தான்" என்றேன் கம்பீரமாக. உண்மைதானே. ஆனால் அன்றிலிருந்து என் மகன் என்னிடம் பேசும்போது குரலில் ஒரு சமத்துவம் வந்துவிட்டது.

சட்டத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டென்றால் அது இங்கேதான். கடன் கொடுத்தவன் புரோநோட்டை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு சும்மா இருந்தால் அது காலாவதி. அப்படிச் சொல்கிற காலவரம்புச் சட்டம் 1963-இல் வந்தது. நானும் அதே வருஷத்துச் சரக்கு. கடனே மூன்று வருஷத்தில் செத்துப்போகிறது. நான் 1983-இல் காஸ்ட் அக்கவுண்டன்சி வகுப்பை விட்டுவிட்டுப் பார்த்த மேட்னி ஷோக்களுக்கு மட்டும் 42 வருஷம் கழித்தும் வழக்கு உயிரோடு இருக்கிறது.

10+2+3 என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அதில் நான் தப்பித்தது அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல். முதல் பொதுத் தேர்வு 1980-இல். அந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு முன்னால் படித்த அண்ணன்மார்கள் பி.யூ.சி. ஆட்கள். அந்தத் தேர்வில் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது, வாத்தியார்களுக்கும் ஒன்றும் தெரியாது. நான் நன்றாக மதிப்பெண் வாங்கிய ஒரே தேர்வு அதுதான்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என எழுதியிருந்தது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து என் வலது கன்னத்தை ஆராய்ந்தாள். "இத்தனை வருஷத்துல நான் பாத்ததே இல்லையே?" பிறகு இடது கன்னத்தையும் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்த அம்மா, எழுந்திருக்காமலே, "அது மச்சம் இல்லடி. அன்னிக்குப் பேனாவை உதறி மூஞ்சியெல்லாம் மை. வாத்தியார் அவசரத்துல மச்சம்னு எழுதிட்டார்" என்றாள். ஆக, அரசாங்க ஆவணப்படி நான் யார் என்பதே ஒரு மைத்துளியில் நிற்கிறது.

பிரவுசிங் சென்டரில் அந்தப் பையன் என்னையும் என் கையிலிருந்த ஃபைலையும் பார்த்துவிட்டு, "ஸ்டூடண்ட் வரலையா அங்கிள்? ஓ.டி.பி. வரும், போன் வேணும்" என்றான். நான்தான் ஸ்டூடண்ட் என்றேன். அவன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டீயும் வரவழைத்தான். சிரித்திருந்தால் பரவாயில்லை.

படிவத்தில் 'பெற்றோர் / காப்பாளர்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் எங்கள் வீட்டில் ஒரு உரிமையியல் வழக்கையே கிளப்பிவிட்டது. "காப்பாளர்னா நான்தானே? முப்பத்தெட்டு வருஷமாக் காப்பாத்திட்டு வர்றேன்" என்று மனைவி. "நான் உயிரோட இருக்கறப்போ அவ யாரு கையெழுத்துப் போட?" என்று அம்மா. அம்மாவுக்கு 84. பெற்றோர் இருக்கும்போது காப்பாளருக்கு இடமில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சட்டப்படி சரியான தீர்ப்பு. குடும்பப்படி தப்பான தீர்ப்பு. அன்று இரவு உப்புமா.

அடுத்த கட்டம், பெற்றோரின் ஆண்டு வருமானம். "மாசா மாசம் வெத்தலை பாக்குக்கு நீ குடுக்கிறியே, அதைப் போடறதா? போன மாசம் குடுக்கலை, அதையும் எழுது" என்றாள் அம்மா.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு, கேட்காத இணைப்பையும் சேர்த்து வைத்தால்தான் தூக்கம் வரும். சேரும்போது ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவரும், செய்ய மாட்டான் என்று பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதி. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. இடம் கிடைத்த பிறகு செய்ய வேண்டிய இந்த வேலையை, இடம் கிடைக்கும் முன்பே முத்திரைத்தாளில் டைப் அடித்து, அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நோட்டரியிடம் போனேன். நோட்டரி என் மகன் வயதுக்காரர்.

"பாட்டி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? உங்க பையன் யாரையும் சொல்லாலயோ செயலாலயோ கேலி பண்ண மாட்டார், மிரட்ட மாட்டார், மனம் நோகும்படி நடந்துக்க மாட்டார்னு நீங்க உறுதி குடுக்கறீங்க."

"யாரையுமா?"

"யாரையும்தான்."

அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

தரவரிசைப் பட்டியல் வந்த அன்று எனக்குத் தைரியம் இல்லை. எதிர்வீட்டுப் பெண்தான் தன் போனில் பார்த்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள், போனாள், நடுவில் அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், இன்னும் தள்ளினாள். "இருக்கு அங்கிள்!" என்றாள் ஒருவழியாக. என் பேர் இருந்த இடத்திலிருந்து கல்லூரிச் சீட்டு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்பதை அவள் எவ்வளவோ நாசூக்காக எடுத்துச் சொன்னாள். கலந்தாய்வுக்கு அழைப்பு வராது. அடுத்த வருஷம் முயற்சி செய்யலாமா என்று கேட்டேன். "செய்யலாம் அங்கிள். ஆனா மார்க் அதேதானே?" என்றாள். நல்ல வக்கீலாக வருவாள். கார் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

சான்றிதழ்கள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. அந்த உறுதிமொழிப் பத்திரத்தை மனைவி லேமினேட் செய்து, பிரிட்ஜ் கதவில், திருப்பதியிலிருந்து வாங்கிவந்த காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் என் கையெழுத்து, அம்மா கையெழுத்து, நோட்டரி முத்திரை, தேதி எல்லாம் முறையாக இருக்கின்றன. எந்தக் கல்லூரி என்ற இடம் மட்டும் காலி.

நேற்று காபியில் சர்க்கரை இல்லை என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் பிரிட்ஜ் பக்கம் பார்த்தாள். கட்டிலிலிருந்து அம்மா, "டேய், உனக்காக நான் கோர்ட்டுப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. என்னை ஜெயிலுக்கு அனுப்பிடாதே" என்றாள்.

சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாய்க்குப் போனேன்.