சான்றிதழ் மேசைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு தகப்பன், பரவை, மதுரை மாவட்டம்.
பெறுநர்: மாற்றுத்திறன் சான்றிதழ் வழங்கும் உயர்திரு மேசை அவர்கள். (எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. பொருந்துகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.)
பொருள்: தங்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டுதல்.

ஐயா,

என் மகனின் ஆட்டிசச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதென்று மறுபடி அழைத்திருந்தீர்கள். இடைப்பட்ட காலத்தில் குணமாகியிருப்பான் என்ற தங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. அது காய்ச்சல் இல்லை என்று அரசாங்கத்துக்கு எடுத்துச்சொல்ல நான் யார்?

வந்தோம். டோக்கன் எண்ணை மைக்கில் அலறவிட்டார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். வரிசையிலிருந்த ஒரு அம்மா, "செல்போனைக் குடுத்தே வளத்திருப்பாக" என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். தாய்மேல் பழிபோடுவது புதிதல்ல. 1967இல் அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் தாயின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணமென்று புத்தகமே போட்டார். அறிவியல் அதை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. நம் வரிசையில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் 'இசா' என்று ஓர் அளவுகோல் உண்டு. 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். காத்திருந்த நேரத்தில் அதைத் தங்களுக்கே போட்டுப் பார்த்தேன். முகம் பார்த்துப் பேசாமை: 5. சொன்னதையே திரும்பச் சொல்லுதல் ("ஜெராக்ஸ் எங்க? ஜெராக்ஸ் எங்க?"): 5. பதில் சொல்லத் தாமதம்: 5. மாற்றத்தை ஏற்க மறுத்தல்: அதற்கு ஐந்து போதாது. பிறகுதான் உறைத்தது, இது என் மகனுக்கல்லவா அவமானம்! அவன் முகம் பார்க்காமலே நாம் சொல்வதைக் காதில் வாங்குகிறவன்.

பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு அவனைக் கூட்டிப்போவேன். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் அவன் தோளைத் தொடமாட்டார்கள். தொட்டால் பதறுவான் என்று தெரியும். "தம்பி, வண்டி வருது" என்று இரண்டடி தள்ளி நின்று சொல்வார்கள், அவன் விலகும்வரை நிற்பார்கள். இதை யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. தங்களுக்கோ சட்டமே இருக்கிறது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன ஏழு வகை ஊனத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகையில் இருக்கிறது. ஒருவருக்கு வேண்டிய மாறுதலைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேசைக் கண்ணாடிக்கடியில் அதன் பக்கம் ஒன்றைச் செருகிவைத்தால், ஜெராக்ஸ் எண்ணும்போது கண்ணில் படும்.

ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2ஆம் தேதி நீல விளக்குப் போட்டு, ஒலிபெருக்கி கட்டி விழிப்புணர்வு ஊட்டுகிறீர்கள். யாருக்காக விழாவோ அந்தப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனவே ஐயா, சான்றிதழில் 'நிரந்தரம்' என்று எழுதித் தாருங்கள். அது முடியாதென்றால், அடுத்த முறை எங்களை ஒரு நேரம் குறித்துக் கூப்பிடுங்கள், அந்த மைக்கையும் அணைத்துவையுங்கள்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 43இன் தகப்பன்.