பாட்டில் எத்தனை வச்சிருக்க?

ஏலே பேராண்டி, மெட்ராஸ் போன எடத்துல கொளத்தூர்ல ஃபைட்டர் மீனு ஆணொண்ணு பெண்ணொண்ணு வாங்கியாந்த, சரி. வந்த அன்னைக்கே ரெண்டையும் ஒரே தொட்டியில தள்ளிட்டு, "தாத்தா, இன்னும் குட்டி போடலையே"ன்னு நிக்கியே! குட்டி போடுதது கப்பி. இது முட்டை விடுத இனம். அந்தப் பொண்ணு வாலைப் பாரு, ஆடு மேஞ்ச அகத்திக்கீரை கணக்கா இருக்கு.

உங்க அப்பனுக்குப் பொண்ணு பார்க்காமலா கட்டி வச்சேன்? ரெண்டையும் பிரிச்சு வச்சு ஒரு வாரம் கொசுப்புழுவாப் போடு. அப்புறம் அடியும் தலையும் வெட்டுன பாட்டிலைத் தொட்டிக்குள்ள நிறுத்தி, அதுக்குள்ள பொண்ணை விடு. பார்த்துக்கிடட்டும். தண்ணி அரை அடிக்கு மேல வேண்டாம். காத்துப் பம்பை நிறுத்திரு, நுரை உடைஞ்சிரும். காஞ்ச வாதாமர இலை ஒண்ணைப் போட்டா தண்ணி வரக்காப்பி நிறத்துக்கு வரும். மாப்பிள்ளை அந்த இலைக்கடியில நுரைக்கூடு கட்டுவான். பொண்ணு மேல பட்டை பட்டையா கோடு விழுந்து, வயித்துக்கடியில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா பாட்டிலைத் தூக்கு.

அவன் அவளை வளைச்சுப் பிடிப்பான். முட்டை பொடி உப்பு கணக்கா உதிரும். ஒவ்வொண்ணா வாயில பொறுக்கி நுரையில ஒட்டுவான். மணிக்கொருதரம் டார்ச் அடிச்சுப் பார்க்காத. எங்க கல்யாணத்தன்னைக்கு ராத்திரி ஜன்னல்ல தொங்குன பயலுவளை நான் இன்னும் மன்னிக்கலை.

முட்டை முடிஞ்சதும் பொண்ணை எடுத்துரு. விட்டா அவ முட்டையைத் தின்னுருவா, அவன் அவளைக் கொன்னுருவான். பிள்ளை வளர்க்குதது அப்பன்தான். ரெண்டு நாள்ல பொரிச்சு, கூட்டுக்குக் கீழ சின்னச் சின்ன வாலா தொங்கும். நழுவி விழுததைத் திரும்பவும் கவ்வி மேல வைப்பான். இதை மட்டும் உங்க அப்பனைக் கூப்பிட்டுக் காட்டு. குஞ்சு படுத்த வாக்குல நீந்த ஆரம்பிச்சதும் அவனையும் எடுத்துரு, பசி வந்தா அவனுக்குப் பிள்ளையும் புழுவும் ஒண்ணுதான்.

அதெல்லாம் கெடக்கட்டும், பாட்டில் எத்தனை வச்சிருக்க? ஒரு ஈத்துல முந்நூறு கூடப் பொரிக்கும். தாய்லாந்துக்காரன் சண்டைக்குன்னே வளர்த்து, 2019ல தன் நாட்டு நீர்வாழ் உயிரினம்னு பட்டமும் கட்டுன மீனுல இது! மூணு மாசத்துல ஆம்பிளைப் பயலுவ ஒருத்தனையொருத்தன் குதறிருவானுவ. தலைக்கொரு பாட்டில் வேணும்.

எங்க அய்யா அஞ்சு ஆம்பிளைப் பிள்ளை பெத்தாரு. பாட்டில் வாங்கி வைக்கலை. ஒரு முழ வரப்புக்கு இன்னைக்கும் கோர்ட்டு வாசல்ல நிக்கோம்.