சாய்ந்து நிற்கும் ஏலக்காய்

கேள்வி: ஏலக்காய், திராட்சை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் சில சொற்கள் மட்டும் சாய்ந்து நிற்பது ஏன்? (வாசகர், கம்பம்)

பதில்: ஆடிக்காற்றில் சாய்ந்தவை அல்ல! தாவரங்களின் லத்தீன் பெயர்களைச் சாய்த்து அச்சிடுவது அறிவியல் மரபு. போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வரும் ஏலக்காய் 'எலட்டேரியா கார்டமோமம்'. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை 'வைடிஸ் வினிஃபெரா'.

சாய்வெழுத்தின் பிறந்த வீடு வெனிஸ். பிரான்செஸ்கோ கிரிஃபோ அச்செழுத்தைச் செதுக்க, 1501-இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்க நூலாக்கினார் ஆல்டஸ் மனூட்டியஸ். முழு நூலும் அதே எழுத்தில்! ஒரு சொல்லுக்கு அழுத்தம் தர, நூற்பெயரைக் காட்ட என்று அதன் வேலை சுருங்கியது பிற்பாடுதான். அதன் அழகு சாய்வில் மட்டும் இல்லை. அது கையெழுத்தைப் பார்த்துச் செதுக்கியது. 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்தில் நிமிர்ந்த சின்ன 'ஏ' இரண்டடுக்கு. சாய்வில் அதுவே ஓரடுக்காகி, பேனா இழுத்த வளைவோடு வரும்.

தமிழிலோ பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தையே கணினி தள்ளிச் சாய்க்கிறது. கொம்பும் சுழியும் கோணிப்போகின்றன, கண்ணுக்கு வேதனை.

தேனிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்களே, மணமக்கள் பெயரை நிமிர்த்தியே போடச் சொல்லுங்கள். எடுப்பாகத் தெரிய வேண்டுமா, தடித்த எழுத்து இருக்கிறது.