சக்கை

சின்ன வயதில் இறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகளின் பின்னால் ஓடி ஒரு கழி உருவுவோம். கடித்து, சாறு உறிஞ்சி, சக்கையைத் துப்பிக்கொண்டே வீடு வரும்வரை நடை. எங்கள் பெண்ணாடத்தில் உதவாத ஆளைக்கூடச் ‘சக்கை’ என்றுதான் திட்டுவார்கள். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்புச் சக்கை கொப்பரைக்கு அடியில் எரிந்து போகும். தின்பண்டம் வாங்க வேறு ஏனம்: பிரளயகாலேஸ்வரர் கோயில் சுண்டலுக்கு வாழைச்சருகுத் தொன்னை. தின்று முடித்தால் எருக்குழி. அப்புறம் வந்த பாலித்தீன் தாள்தான் எங்கள் எருவையே கெடுத்தது. கொத்தும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும்.

2019 ஜனவரி 1 முதல் அந்தத் தாளுக்குத் தமிழ்நாட்டில் தடை. அதன் பிறகு ஒரு வளைகாப்புப் பந்தியில் வெள்ளைத் தட்டு. தடவிப் பார்த்தேன்: சக்கை! கூழாக்கி, சூடான அச்சில் அழுத்தியது. புகளூர்க் காகித ஆலை 1984 முதல் சக்கையில் காகிதம் செய்கிறது என்று தெரியும். சாப்பாடே அதில் வருமென்று நினைக்கவில்லை. பக்கத்தில் கண்ணாடி போன்ற ஒரு டம்ளர். சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்தால் வரும் பிளாஸ்டிக்.

இரண்டையும் தை மாதம் எருக்குழியில் புதைத்தேன். ஆடியில் தோண்டினால் தட்டு நாராகக்கூட மிஞ்சவில்லை. டம்ளர் முழுசாக இருந்தது. அது மட்க, நாள்கணக்கில் விடாமல் 60 டிகிரி அளவு சூடு வேண்டும். அதற்கென்று அமைத்த உரக்கூடத்தில்தான் அது கிடைக்கும். ‘மட்கும்’ என்று அச்சடிப்பவர்கள் எங்கே மட்கும் என்பதையும் அச்சடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பாலித்தீன் கதைதான்.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 300 கிலோ ஈரச் சக்கை விழும். விவசாயிக்கு விலை பேசுவதோ சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவை வைத்து. சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ், ஆலைக் கசடு விற்ற வருமானத்திலும் சேர்த்து 70 சதவீதம் கரும்புக்காரனுக்குப் போகட்டும் என்று சர்க்கரைத் துறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012-லேயே சொன்னது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய எடைச் சீட்டுகள் இருக்கின்றன. வண்டி எடை, கரும்பு எடை, பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கிறது. சக்கை என்ற சொல் ஒரு சீட்டிலும் இல்லை.