வண்டு எங்கே?

போன வாரம் ஓர் அம்மா தூயமல்லி அரிசிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாமேசை மேல் தொப்பென்று போட்டார். திருச்சியில் இந்த இயற்கை அங்காடிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து திரும்பி வரும் அரிசி எனக்குப் பழக்கம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது: “மருந்து போடாத அரிசிம்மா, வண்டு வரத்தான் செய்யும். வெயில்ல ஒரு மணி நேரம் பரப்பி வெச்சீங்கன்னா...”

“வண்டு எங்கங்க வந்துச்சு? அதத்தான் கேக்க வந்தேன். வாங்கி ஒன்றரை மாசம் ஆவுது. பேருக்கு ஒரு வண்டு இல்ல. என்னத்த அடிச்சுத் தொலச்சீங்க?”

வண்டு வந்ததற்குப் பதில் வைத்திருக்கிறேன். வராததற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதே மூட்டையிலிருந்து கட்டிய இன்னொரு பொட்டலத்தை வண்டு இருக்கிறது என்று முந்தின நாள்தான் ஒருவர் திருப்பிக் கொடுத்திருந்தார். அவருக்கும் பணம் கொடுத்தோம். இரண்டு பொட்டலத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிப் பாதிப் பாதியாகக் கட்டிவிடலாமா என்று முதலாளித் தம்பியிடம் கேட்டேன். “அண்ணே, போய் தக்காளியைப் பாருங்க” என்றார்.

உங்கள் கடையில் மட்டும் ஏன் எல்லாம் இரண்டு மடங்கு விலை என்று நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். அதற்கு நியாயமான பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வண்டை முடித்துவிட்டு வருகிறேன்.

வண்டின் பெயரில் நடக்கிற அநியாயத்துக்கு அளவே இல்லை. ஒரு வயலுக்கு அங்ககச் சான்று வாங்குவது லேசான காரியமா? நெல் மாதிரிப் பயிருக்கு இரண்டு வருஷம், தென்னை, மா என்றால் மூன்று வருஷம் ரசாயனம் தொடாமல் காத்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் எழுத வேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். இதற்கென்றே கோயம்புத்தூரில் அரசுத் துறை இருக்கிறது. அந்தச் செலவு கட்டுப்படியாகாத சின்ன விவசாயிகள் குறைந்தது ஐந்து பேராகக் குழு சேர்ந்து, ஒருவர் வயலை இன்னொருவர் சோதித்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். முறை வேறு இருக்கிறது. இந்தக் காகிதங்களையெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு, பச்சைத் தலைப்பாகையோடு சிரிக்கும் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். (நம்மாழ்வார் படத்தைப் பார்த்து “ஓனரோட அப்பாங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. மாலை போட்டிருப்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.) சான்றிதழைக் காட்டினால் வருகிற பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: “இதெல்லாம் காசு குடுத்தாக் கிடைக்கும் சார்.”

வண்டுக்குக் காசு கொடுக்க முடியாது. ஆகவே வண்டு நேர்மையான அதிகாரி. பயணப்படி கேட்காது, மத்தியானச் சாப்பாடு கேட்காது, சாப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பொட்டலத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, கறுப்பாக ஏதாவது ஊர்கிறதா என்று பார்ப்பீர்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மறுக்காதீர்கள். ஊர்ந்தால் முகத்தில் ஒரு நிம்மதி. “ஆங், ஒரிஜினல்.” பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஊராத பொட்டலமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவீர்கள்.

அதாவது வண்டு கடையில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வரக் கூடாது. நாங்கள் என்ன செய்வது? வாசலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் பத்து வண்டை விட்டுக் காட்சிக்கு வைக்கலாம். அதற்கும் யாராவது வந்து, “இது நாட்டு வண்டா?” என்று கேட்பார்.

வண்டின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று யாராவது யோசித்தீர்களா? பெண் வண்டு அரிசிமணியில் மூக்கால் துளை போட்டு, ஒரு முட்டை வைத்து, துளையை மெழுகி மூடிவிடும். ஆயுளில் 300 முட்டை வரை வைக்கும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஆகவே கடையில் நீங்கள் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போது அது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. உங்கள் சமையலறை டப்பாவில்தான் கிருகப்பிரவேசம். இதில் கடைக்காரன் குற்றம் என்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு ஆகாத பேச்சுதான். வயலில் என்ன போட்டார்கள் என்பது வண்டுக்குத் தெரியாது. யூரியா மூட்டை மூட்டையாகப் போட்டு விளைந்த அரிசியையும் அது அதே பசியோடுதான் தின்னும். பெரிய கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போடுவார்கள். அது போடாத எந்த அரிசிக்கும் வண்டு வரலாம். வண்டு கொடுக்கிற சாட்சி கிடங்கைப் பற்றியது, அவ்வளவுதான். நான் இதை ஒருவரிடம் விளக்கியபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “நீங்க இங்க வேலைக்குத்தான இருக்கீங்க?” என்றார்.

எங்கள் கடையில் செல்வி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். முறம் எடுத்தார் என்றால் அரிசி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம், வண்டு ஒரு பக்கம் தனித்தனியே வந்து நிற்கும். அவர் புடைப்பதை அலைபேசியில் படம் எடுத்துப் போட்டுக்கொள்ள ஆள் வருகிறது. புடைத்துக் கொடுத்தால் கூலி உண்டா என்று அக்கா கேட்டதை யாரும் படம் எடுக்கவில்லை. முறம் என்பது சுவரில் மாட்டுகிற அலங்காரப் பொருள் என்று நினைக்கிற வீடுகளுக்குத்தான் வண்டு வேண்டியிருக்கிறது. வண்டு வேண்டுமானால் முறம் வாங்குங்கள். நம்மிடம் மூங்கில் முறம் இருக்கிறது. விலையைக் கேட்காதீர்கள்.

அந்த அம்மா விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு படி இறங்கியவரிடம் ஒரு சந்தேகத்தில் கேட்டேன்: “அரிசிய எதுலம்மா வெச்சிருந்தீங்க?”

“ஃப்ரிட்ஜ்லதான். வெளிய வெச்சா வண்டு வந்துராது?”

சரி, தேனுக்கு வருவோம். இல்லை, தேன் வேண்டாம். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, செய்தித்தாளில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துப் பற்றவைப்பது எல்லாம் நடந்த மேசை இது. ஒருவர் வாசலில் படுத்திருந்த நாய்க்கு நீட்டினார். நாய் நக்கிவிட்டது. தேன் போலி என்று தீர்ப்பாகிவிட்டது. நாய் நல்ல பசியில் இருந்தது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனி ஆய்வகம் வரை அனுப்பிப் பார்த்து, 10 தேறவில்லை என்று சொன்னது. சர்க்கரைப்பாகு அவ்வளவு நேர்த்தியாகக் கலக்கப்படுகிறதாம், உள்ளூர்ச் சோதனையில் அகப்படுவதில்லையாம். நாயின் நாக்கு அதைவிட நுட்பமானது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மார்கழியில் உறைந்த தேனைக் கொண்டுவந்து “சக்கரை, சக்கரை” என்று கூவுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. சுத்தமான தேனும் உறையும். தேனில் பெரும்பங்கு சர்க்கரைதான், வேறென்ன இருக்கும்?

நெய்யிலும் ஒரு கூத்து நடந்தது. நாட்டு மாட்டுப் பால் என்பதைக் காட்டப் புட்டிக்கெல்லாம் ஏ2 என்று தாள் ஒட்டியிருந்தோம். 2024 ஆகஸ்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் குறிப்பையெல்லாம் எடுத்துவிடச் சொன்னது. முதலாளித் தம்பிக்குச் சட்டத்தின் மேல் மரியாதை அதிகம். நானும் செல்வி அக்காவும் உட்கார்ந்து வெந்நீரில் துணி நனைத்துச் சுரண்டினோம். சுரண்டி முடிப்பதற்குள், ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆணையம் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபடி ஒட்டினோம். நகக்கண் வலி போவதற்குள் ஒருவர் வந்து தாள் கோணலாக இருக்கிறது, ஆகவே நெய் போலி என்றார்.

உட்கார்ந்து என்று எழுதிவிட்டேன். கடையில் உட்காருவது அபூர்வம் என்பதால் கை தானாக எழுதிவிட்டது போலும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் கடையிலும் நாற்காலி இருக்கிறது, பனைநாரில் பின்னியது, மூன்று. மூன்றும் விற்பனைக்கு. ஆள் இல்லாத நேரத்தில் ஒன்றில் உட்கார்ந்தால், எங்கிருந்தோ ஒருவர் வந்து அதைத்தான் விலை கேட்பார். எழுந்து நின்று விலை சொல்வேன். அவர் உட்கார்ந்து பார்ப்பார். முழங்கால் வலிக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் நல்லது என்று எனக்கு யோசனையும் சொல்வார், உட்கார்ந்தபடியே. அந்தக் கிழங்கையே நாங்கள்தான் விற்கிறோம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். காலை முழுவதும் மேசைக்குப் பின்னால் நின்று காட்டுயானம் ஆறு மாதப் பயிர், ஏழு அடி வளரும், யானை புகுந்தாலும் தெரியாது என்று பிரசங்கம் செய்துவிட்டு, இரவு வீட்டில் ரேஷன் அரிசி இட்லியைத் தின்கிறேன். இட்லிக்கு அதை அடித்துக்கொள்ள இன்னொரு அரிசி பிறக்கவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவில் இட்லி ஊற்றிப் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்டேன். “மாப்பிள்ளையா வந்தப்பவே உங்களுக்கு நல்லாத்தான் போட்டோம். கடைப் பேச்சக் கடையோட வெச்சுக்குங்க” என்று பதில் வந்தது.

சரி, விலை. ஒரு லிட்டர் கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். மரச்செக்கில் ஒரு லிட்டர் இறங்க ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பின் விலையை இரண்டரையால் பெருக்குங்கள். அதோடு செக்குக் கூலி, புட்டி, வண்டி வாடகை...

இந்த இடத்தில்தான் எப்போதும் யாராவது வந்துவிடுகிறார்கள். நேற்று வந்தவர் எங்கள் பழைய வாடிக்கை, ஓய்வுபெற்ற பெரியவர். ஒரு மண்டலம் அரிசியே தொடாமல் சிறுதானியம் மட்டும் சாப்பிடுவதாக எங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நேராகக் கிடங்குப் பக்கம் போய், மூட்டை நிறுக்கிற தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். “பாருங்க தம்பி, என்ன காட்டுது?”

பார்த்தேன். தொடங்கிய அன்றும் இதே தராசில்தான் ஏறினார். அன்றைக்கு எழுதிவைத்ததைவிட 2 கிலோ கூடுதல்.

பெரியவர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்தார். இறங்கி, மறுபடி ஏறினார். சட்டைப் பையிலிருந்து அலைபேசியையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இந்தத் தராசுக்கு முத்திர போட்டிருக்கா?”

போட்டிருக்கிறது. எடையளவுத் துறை முத்திரை, இந்த வருஷத்தது. சான்றிதழையும் எடுத்துக் காட்டினேன்.

“இதெல்லாம் காசு குடுத்தாக் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வரகு முறுக்கில் அரைக் கிலோ கட்டச் சொன்னார்.