ஒரு புடவை தூரம்

தாராபுரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு அறுபது அடி ஆழம். மோட்டார் வருவதற்கு முன் கமலை இறைத்த கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது, பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். கோடை விடுமுறையில் என் இரண்டு அண்ணன்களுக்கும் அப்பாரு அங்கேதான் நீச்சல் பழக்கினார். காய்ந்த சுரைப்புருடை இரண்டை இடுப்பின் இரு பக்கமும் கட்டி, இன்னொரு கயிற்றையும் இடுப்பில் முடிந்து, அதன் மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரை ஒட்டிய படியில் உட்கார்ந்திருப்பார். நாலைந்து நாள் போனால் ஒரு புருடையைக் கழற்றுவார். இன்னும் சில நாளில் கயிற்றைத் தளர விட்டிருப்பார், அண்ணன்களுக்கே தெரியாது. அந்த ஒரு மணி நேரமும் யார் வந்து கூப்பிட்டாலும் அப்பாரு தலையைத் திருப்ப மாட்டார்.

நான் கிணற்று மேட்டில் அண்ணன்களின் துணிக்குக் காவல் இருப்பேன். எனக்கும் பழக்கிவிடச் சொல்லிக் கேட்ட அன்று அப்பத்தாதான் குறுக்கே வந்தாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கண்ணு நீச்சலு? உஞ் சாதகத்துல தண்ணீல கண்டம்னு எழுதியிருக்குது. கெணத்துப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது."

கண்டம் இருக்கிற பிள்ளைக்குத்தானே முதலில் நீச்சல் தெரிய வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது.

அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியும் என்று இப்போது பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். தெரிந்தது கிணறு வைத்திருந்த வீட்டுப் பையன்களுக்கு. எங்கள் கிணற்றில் கால் நனைக்கக்கூட அனுமதி இல்லாத பிள்ளைகள் அதே ஊரில், ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் இருந்தோம். எங்கள் எல்லோருக்கும் மிச்சமிருந்தது ஊருக்கு மேற்கே இருந்த குட்டை. அங்கே துணி துவைக்கப் போவதை மட்டும் எந்தச் சாதகமும் தடுக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசி மழைக்குக் குட்டை நிரம்பியிருந்தது. நாங்கள் மூன்று பேர் துவைத்து முடித்து, துணிகளை ஆவாரஞ்செடிகள் மேல் காயப்போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தோம். அந்தக் கோடையில் செங்கல் சூளைக்கு அங்கே மண் எடுத்திருந்தார்கள். குழி எங்கே ஆரம்பிக்கிறது என்று தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு அடி தள்ளிப் போன ஒருத்தி சட்டென்று கழுத்தளவு ஆனாள். இன்னொருத்தி கையை நீட்டினாள். அந்தக் கை பற்றப்பட்டது, அவளும் போனாள்.

சத்தமே இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், நம்ப மறுக்கிறார்கள். மூழ்குகிறவர்கள் கத்துவார்கள், கையை ஆட்டிக் கூப்பிடுவார்கள் என்றுதான் சினிமா பழக்கியிருக்கிறது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கிறது. கத்த மூச்சு ஏது? அவர்கள் விளையாடுகிறார்கள் என்றுதான் நானும் கொஞ்ச நேரம் நினைத்தேன். பிறகு ஊருக்குள் ஓடினேன்.

ஆட்கள் வந்து தூக்கினார்கள். ஒருத்தியைத் தலைக்கு மேல் வைத்துச் சுற்றினார்கள். இன்னொருத்தியைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கினார்கள். அவர்கள் வாயில் மூச்சை ஊத வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. பல வருடம் கழித்து ஒரு முதலுதவிப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்: மூச்சில்லாத பிள்ளைக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, அடுத்து நெஞ்சின் நடுவே அழுத்தம், இரண்டும் மாறி மாறி, விடாமல். தண்ணீரை வெளியே எடுக்கிறோம் என்று சுற்றுகிற நேரமெல்லாம் மூளை காற்றில்லாமல் கழிகிற நேரம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது அல்ல. ஆவாரஞ்செடி மேல் அப்பத்தாவின் நூல் புடவை கிடந்தது. ஈரத்தோடு, கனமாக. அவர்கள் இருந்த இடம் கரையிலிருந்து ஒரு புடவை தூரம்கூட இல்லை. ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, தரையில் படுத்தபடி மறுநுனியை வீசியிருக்கலாம். வீசலாம் என்று பன்னிரண்டு வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கிணற்றுப் பக்கம் போகாதே என்று மட்டும் ஆயிரம் முறை சொல்லியிருந்தார்கள்.

"விதி", "கண்டம்" என்று ஊர் பேசி முடித்தது. குழியை யாரும் மூடவில்லை.

இப்போது கோவையில் மகள் வீட்டில் இருக்கிறேன். கிணறும் இல்லை, குட்டையும் இல்லை. சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் டிரம், வாளி, அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். அப்படி ஒரு நாள் காலை. மகள் அடுப்படியில், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சின்னப் பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். குளியலறையில் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மிதந்த சொம்பை எட்டக் குனிந்திருந்தாள். குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

அந்த வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம். குப்புற விழுந்தால் கையை ஊன்றித் தலையைத் தூக்கும் வலு கிடையாது. அரை வாளித் தண்ணீர் போதும், நாலைந்து நிமிடம் போதும். அன்று மாலையே குளியலறைக் கதவின் மேல்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி வைத்தோம். டிரம்முக்கு இறுகப் பொருந்தும் மூடி வாங்கினோம். கீழே சம்ப்பின் மூடி துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. அடுக்ககத்தில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லி, பூட்டு போட வைத்தேன். வாளியில் மிச்சத் தண்ணீர் வைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: 2000த்திலிருந்து உலக அளவில் இந்த இறப்பு விகிதம் 38 சதவீதம் குறைந்திருக்கிறது. குறைக்க முடிகிற ஒன்றுக்கா நாம் கண்டம் என்று பேர் வைத்தோம்?

வங்கதேசத்தில் கிராமத்துக்குக் கிராமம் வீட்டை ஒட்டிக் குளம். அம்மாமார் சமையலும் வேலையுமாக இருக்கும் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரைதான் சின்னக் குழந்தைகள் அதிகம் மூழ்கினார்கள் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊர்ப்பெண்களைக் கொண்டே காப்பகங்கள் நடத்துகிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அதே ஊர்க் குளத்தில் மூங்கில் அடைப்பு கட்டி நீச்சல் பழக்குகிறார்கள். காப்பகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் அதற்கு முந்தானை என்று பொருள். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நம் அங்கன்வாடியும் அந்தக் காலை நேரத்தில்தான் நடக்கிறது. ஆனால் இரண்டு வயது முடிந்த பிறகுதான் சேர்க்கிறார்கள். வாளி ஆபத்தாக இருக்கும் வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பள்ளிக்குப் போகும் வயதில் வாளி போய் ஆறு வருகிறது. 2022 ஜூனில் கடலூர் அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணையில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்த 7 பேர், சிறுமிகளும் இளம்பெண்களும். 2023 பிப்ரவரியில் கரூர் மாயனூரில் காவிரியில் 4 பள்ளி மாணவிகள். இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் குட்டையில் நீண்ட அந்தக் கைதான் என் முன்னால் வருகிறது. எல்லோரும் பெண்பிள்ளைகள். யார் இவர்களுக்குச் சுரைப்புருடை கட்டினார்கள்?

பெரிய பேத்திக்கு ஏழு வயது. அவளை நீச்சல் குளத்தில் பழக்கச் சேர்க்கலாம் என்றபோது, அவள் ஜாதகத்திலும் தண்ணீரில் கண்டம் என்று சம்பந்தி வீட்டில் தயங்கினார்கள். "அதனாலதாங்க கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இப்போது மல்லாக்க மிதக்கிறாள், விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்கிறாள். அவள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க நான் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைபேசியை வாங்கி என் பையில் போட்டுக்கொள்கிறேன்.

குளத்து நீச்சல் ஆற்றுக்குப் போதாது என்பதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். மணல் அள்ளிய குழி, பாசி, மேலே அணை திறந்தால் ஏறும் தண்ணீர், எல்லாவற்றையும். யாராவது மூழ்கினால் குதிக்காதே, கையும் நீட்டாதே. கத்து, வீசு, படுத்துக்கொண்டு இழு. துண்டு, துப்பட்டா, மூடிய காலிக் கேன், எது கிடைத்தாலும்.

"புடவை வீசலாமா அம்மாயி?" என்று கேட்டாள்.

"வீசலாஞ் சாமி."

ஊர்க் குட்டை இன்னும் இருக்கிறது. கரை வேப்பமரத்தில் மஞ்சள் கேன் ஒன்றை நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். போன மாசி போனபோது கயிற்றை யாரோ ஆடு கட்ட அவிழ்த்துப் போயிருந்தார்கள். கேன் மட்டும் மரத்தடியில் கிடந்தது. கடைக்குப் போய் வேறு கயிறு வாங்கி வந்து, குட்டைக்கு வந்திருந்த மூன்று பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு நாலு தடவை வீசச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கட்டினேன்.