கேஸ் போடுங்கள், படம் பிழைக்கும்

கோடம்பாக்கத்து ஒப்பந்தங்களில் 99 வருட உரிமை என்றொரு சமாசாரம் உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் ஒரு திரைப்படத்துக்குக் கொடுப்பதோ 60 வருடம்தான். மிச்சம் 39 வருடத்தை விற்றவர் எங்கிருந்து எடுத்து விற்றார் என்று வாங்கியவர் கேட்பதில்லை. அவருக்கும் அதை இன்னொருவர் தலையில் கட்டுகிற அவசரம்.

சாட்டிலைட் உரிமை ஒருவரிடம், யூடியூப் இன்னொருவரிடம், ஆடியோ மூன்றாமவரிடம், ரீமேக் பைனான்சியரின் மருமகனிடம். எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. நெகட்டிவ் எங்கே என்று மட்டும் கேளுங்கள். "லேப்லதான் சார் இருக்கணும்" என்பார்கள். அந்த லேபை இழுத்து மூடி, இடித்து, அடுக்குமாடி கட்டி, கிரகப்பிரவேசமும் ஆகிவிட்டது.

காளிதாஸ் தெரியுமல்லவா? 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம். அதன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. சட்டப்படி இன்று அது நம் எல்லோருடைய சொத்து. நீங்கள் திரையிடலாம், நான் திரையிடலாம், டிக்கெட் போட்டு விற்கலாம், ஒருவரும் தடுக்க முடியாது. திரையிடப் படம்தான் இல்லை. அதில் நடித்த டி.பி. ராஜலக்ஷ்மி பிறகு தானே இயக்கிய மிஸ் கமலாவும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலில் நடித்த சேவாசதனமும் இல்லை. நடராஜ முதலியாரின் கீசகவதத்தைத் தேடுவதை விட்டே பல காலம் ஆகிறது.

எங்கே போயின? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி உண்டு. வசூல் ஓய்ந்ததும் சுருளைக் கழுவி வெள்ளியை வழித்தார்கள், மிஞ்சியதை வளையல் செய்கிறவனுக்குப் போட்டார்கள். இந்தியாவின் முதல் பேசும்படமான ஆலம் ஆராவைத் தேடி, தேசியத் திரைப்படக் காப்பகத்தை வளர்த்த பி.கே. நாயர் பம்பாயில், அதை எடுத்த அர்தேஷிர் இரானியையே போய்ப் பார்த்தார். ரீல்கள் மகனிடம் இருக்கும் என்றார் பெரியவர். மகனோ வெள்ளியை எடுத்துவிட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்னாராம். காளிதாஸைத் தயாரித்ததும் அதே இரானிதான்.

பூனாவில் அந்தக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தவையாவது தப்பித்தனவா? 2003 ஜனவரியில் அங்கே நைட்ரேட் படங்கள் இருந்த கிடங்கே எரிந்தது.

இந்த மயானத்தில் ஒரு அதிசயமும் நடந்தது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த மார்த்தாண்ட வர்மா, 1933இல் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியான மௌனப்படம். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை எங்களுடையது என்று கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குப் போட்டார்கள். படம் முடங்கியது, தயாரிப்பாளர் நொடித்தார், பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போனது. அங்கேயே கிடந்தது. 1974இல் காப்பகத்தார் போய் எடுத்து வந்தார்கள். தென்னிந்தியாவின் மௌனப்படக் காலத்திலிருந்து இன்று நாம் உட்கார்ந்து பார்க்க முடிகிற முழுநீளப் படம் அது. சுந்தர்ராஜின் உறவினர் ஜே.சி. டேனியல் எடுத்த விகதகுமாரனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. யாரும் ஜப்தி செய்யாததால் அது வீட்டிலேயே இருந்தது. சின்ன மகன் விளையாட்டாகக் கொளுத்திவிட்டான்.

ஆகவே தமிழ்ப் படங்களைக் காக்க என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் உண்டு. ஒவ்வொரு படத்தின் மீதும் வழக்குப் போடுங்கள். ரிலீஸுக்கு முதல் நாள் தடை வாங்குவதற்கு நம்மிடம் ஆள் பஞ்சமே கிடையாது. கூடவே ஒரு பிரதியை ஜப்தி செய்யும்படியும் கேட்டு வாங்கிவிடுங்கள். தீர்ப்பு வர எத்தனை காலமானாலும் நல்லதுதான். ஒரே ஒரு நிபந்தனை, ஜப்தி செய்த இடத்தில் ஏசி இருக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அசிடேட் சுருள் காடி வாடை வீசிச் சுருங்கிப் போகும். வாதியும் பிரதிவாதியும் வினிகருக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வழக்குப் பிடிக்காதவர்கள் படத்தைப் புத்தகமாக அச்சடித்துவிடலாம். 1954ஆம் வருடச் சட்டப்படி, அச்சான எந்தப் புத்தகத்திலும் ஒரு பிரதி 30 நாளுக்குள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். ஊறுகாய் போடுவது எப்படி, ஜாதகம் கணிப்பது எப்படி, எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. திரைப்படத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் கிடைக்கும். பாட்டு இருக்கிறது, பாடிய படம் இல்லை.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று வசனம் எழுதியவர்களும் நடித்தவர்களுமாக ஐந்து பேரை இந்த சினிமா முதலமைச்சர் நாற்காலியில் உட்காரவைத்தது. வரிவிலக்கு கொடுத்தார்கள், விருது கொடுத்தார்கள், கலைவாணர் பட்டம் புரட்சிப் பட்டம் என்று ஊரே பட்டத்தில் மிதந்தது. படமெடுத்தவன் ஒரே ஒரு பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரிச் சட்டம் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. பராசக்திக்கு வசனம் எழுதிய கைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நடிகர் திலகத்துக்கு மணிமண்டபம் இருக்கிறது, வருடா வருடம் மாலை விழுகிறது. வெண்கலம் கெடாது. கெடுகிற சாமானைப் பற்றித்தானய்யா கவலைப்பட வேண்டும்!

2012இல் கர்ணனைத் துடைத்துச் செப்பனிட்டு மறுபடி வெளியிட்டார்கள். நூறு நாள் தாண்டி ஓடியது. உடனே பழைய படங்கள் மீது பலருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வந்தது படத்தின் மீதல்ல, வசூலின் மீது. இப்போது எதை எடுத்தாலும் '4கே' என்று முத்திரை குத்துகிறார்கள். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டி, எம்.ஆர். ராதாவின் நெற்றியைக் காணாமல் அடித்து, மூலையில் தங்கள் லோகோவைப் பொட்டு வைத்துவிட்டால் அது மீட்டெடுத்த காவியம்.

தலைப்புகள் மட்டும் கெடாமல் இருக்கின்றன. பொல்லாதவன், படிக்காதவன், மாவீரன் என்று பழைய பெயர்கள் இரண்டாவது ஆட்டம் ஆடிவிட்டன. நாளைக்கு ஒரு பையன் சேவாசதனம் என்ற தலைப்புக்கு விண்ணப்பித்தால், அது எங்கள் தாத்தா வாங்கிய உரிமை என்று மூன்று பேராவது வக்கீலோடு வந்து நிற்பார்கள். வரட்டும், காபி கொடுத்து உட்கார வையுங்கள். பத்திரத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆளுக்கு ஒரு ரீல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.